ஒரு பந்தயமும் ஜெயிக்காத சாம்பியன்: இத்தாலியில் ஏழு நாள்

ஊருக்கு வந்து பத்து நாளாகிறது. கணுக்கால் வீக்கம் வடிந்துவிட்டது, கழுத்தில் வெயில் போட்ட கோடு மட்டும் மறையவில்லை. அங்கே ராத்திரிதோறும் செல்பேசியில் குறித்து வைத்ததைக் கொஞ்சம் விரித்து இங்கே போடுகிறேன். இத்தாலியின் மோன்சாவில் நடந்த ஃபார்முலா 1 கார் பந்தயத்துக்குப் போய் வந்தேன். ஃபெராரியைப் பார்க்கவா போனாய் என்று எல்லோரும் கேட்கிறார்கள். நான் பார்க்கப் போனது அதற்கு முன்னால் அதே தடத்தில் காலையில் ஓடும் ஃபார்முலா 3 பையன்களை. ஃபார்முலா 4, ரீஜினல், 3, 2 என்று படிப்படியாக ஏறித்தான் ஃபார்முலா 1க்குப் போக வேண்டும்.

2024 ஆகஸ்ட் 27, செவ்வாய். போலோன்யா

அக்கா மகன் கவின் இங்கே படிக்கிறான். நிலையத்துக்கே வந்து பெட்டியை வாங்கிக்கொண்டான். பகல் பதினொரு மணிக்கே முப்பத்து நாலு டிகிரி. கோவைக்காரனுக்கு வெயில் புதிதில்லை, ஆனால் இது காற்றே அசையாத புழுக்கம். நல்லவேளையாக ஊர் முழுக்க நடைபாதைக்கு மேல் கூரை போட்டிருக்கிறார்கள். வீடுகளின் மாடி தூண்கள்மேல் தெருவுக்கு நீண்டு நிற்கிறது, அடியில் நாம் நடக்கிறோம். இப்படி 62 கிலோமீட்டர் இருக்கிறதாம். அரை நாள் நடந்தும் தலையில் வெயில் படவில்லை.

ஆகஸ்ட் கடைசி என்பதால் பாதிக் கடைகளில் ‘விடுமுறை’ என்று கையால் எழுதி ஒட்டியிருந்தார்கள். திறந்திருந்த ஒரு சின்ன சாப்பாட்டுக் கடையில் தாலியாத்தெல்லே வாங்கினோம். நாடா போல வெட்டிய முட்டை மாவுப் பட்டை, மேலே மணிக்கணக்கில் வேகவைத்த கொத்துக்கறி. தட்டு 13 யூரோ. அப்போது ஒரு யூரோ சுமாராக 93 ரூபாய், ஒவ்வொரு பில்லையும் பெருக்கிப் பார்ப்பதை முதல் நாளே நிறுத்திவிட்டேன். பில்லில் தலைக்கு இரண்டரை யூரோ கூடுதலாக இருக்கவே கவினைப் பார்த்தேன். “அது மேசை விரிப்புக்கும் ரொட்டிக்கும் மாமா. உக்காந்தாலே வாங்குவாங்க, சண்டை போட்றாதீங்க” என்றான்.

ஆந்த்ரேயா கிமி அந்தோனெல்லி இந்த ஊர்ப் பையன். இரண்டு நாளுக்கு முன்புதான் பதினெட்டு முடிந்திருக்கிறது. அப்பாவும் கார் பந்தயக்காரர், சொந்தமாக அணி நடத்துபவர். பையன் 2022இல் இத்தாலிய ஃபார்முலா 4 பட்டத்தை 13 வெற்றிகளோடு எடுத்தான், அதே ஆண்டில் ஜெர்மன் ஃபார்முலா 4 பட்டத்தையும் சேர்த்துக்கொண்டான். 2023இல் மத்திய கிழக்கு, ஐரோப்பா என்று இரண்டு ஃபார்முலா ரீஜினல் பட்டங்கள். மத்திய கிழக்குத் தொடரில் அவன் ஓட்டியது நம்மூர் மும்பை ஃபால்கன்ஸ் அணியின் காரை. அப்புறம் ஃபார்முலா 3 என்ற படியையே மிதிக்காமல் நேராக ஃபார்முலா 2. ஃபார்முலா 1இல் மெர்சிடிஸ் அணியில் ஹாமில்டன் காலி செய்யும் இருக்கைக்கு இந்த வாரமே அவன் பெயரைச் சொல்வார்கள் என்று நாங்கள் காபி குடித்த கடையில்கூடப் பேச்சு.

இத்தாலியர்கள் இதற்கு ஏன் இவ்வளவு துடிக்கிறார்கள் என்பது அவர்களின் கணக்கைப் பார்த்தால் தெரியும். அன்றைய தேதிக்கு ஃபார்முலா 1இல் இத்தாலியர் ஒருவர் கடைசியாக ஜெயித்தது 2006 மார்ச்சில், மலேசியாவில், ஃபிசிகெல்லா. அந்தோனெல்லி அப்போது பிறக்கவே இல்லை. அதுவரை கடைசி இத்தாலிய உலக சாம்பியன் அஸ்காரி, 1953. காரும் அவர்களுடையது, சுற்றுத்தடமும் அவர்களுடையது, ஓட்டுநர் மட்டும் இல்லை. 2014இல் தொடங்கிய இத்தாலிய ஃபார்முலா 4 பட்டத்தைக்கூட முதல் ஆறு ஆண்டும் வெளிநாட்டுப் பையன்களே கொண்டுபோனார்கள். கனடா, எஸ்டோனியா, அர்ஜென்டினா, நியூசிலாந்து, பிரேசில், நார்வே. ஏழாவது ஆண்டில்தான் சிசிலித் தீவிலிருந்து வந்த கப்ரியேலே மினி அதை வீட்டுக்குள் கொண்டுவந்தான்.

ராத்திரி கொசு. பட்டப்பகலிலும் கடிக்கிற வரிக்கொசு இங்கேயும் இருக்கிறது.

ஆகஸ்ட் 28, புதன். இமோலா

ரயிலில் அரை மணி நேரத்துக்கும் குறைவு. சுற்றுத்தடம் ஊருக்கு நடுவில், ஆற்றை ஒட்டி, வீடுகளின் கொல்லைப்புறத்தில் ஓடுகிறது. ஒரு பாட்டி மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தார், அவர் வீட்டு மதிலுக்கு அந்தப் பக்கம் பந்தயத் தடம்.

தம்புரெல்லோ வளைவுக்கு உள்புறம் பூங்கா. இந்த வளைவில் மோதி இறந்த பிரேசில் ஓட்டுநர் சென்னாவின் சிலை அங்கே, தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறார். கம்பி வேலி முழுக்க கொடிகள், படங்கள், வெயிலில் வெளுத்த தொப்பிகள். இந்த ஆண்டோடு முப்பது வருஷம். 1994 மே 1 அன்று எனக்குப் பதினாறு வயது, பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியில் பார்த்தேன். அதற்கு முந்தின நாள் இதே தடத்தில் விபத்தில் இறந்துபோன ஆஸ்திரிய ஓட்டுநர் ராட்ஸென்பெர்கரின் பெயர் தாங்கிய படங்களும் வேலியில் இருந்தன. அதைப் பார்த்ததும் மனசு ஆறியது. அவரைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

நிழலில் உட்கார்ந்து பியாதீனா சாப்பிட்டோம். மைதா ரொட்டி போல இருக்கும், சூடான கல்லில் போட்டு, மடித்து, உள்ளே இளஞ்சீஸும் கீரையும். ஆறு யூரோ. கடைக்காரம்மா எங்களை எங்கிருந்து என்று கேட்டார். இந்தியா என்றதும் உள்ளே போய், மகன் கார்ட்டிங் ஓட்டிய காலத்துப் படத்தைக் கொண்டுவந்து காட்டினார். பன்னிரண்டு வயதோடு நிறுத்திவிட்டார்களாம். “காசு தீர்ந்தது” என்று அவர் சொன்னதைக் கவின் மொழிபெயர்க்கவே தேவைப்படவில்லை, விரல்களைத் தேய்த்துக் காட்டினார். ஃபார்முலா 3இல் ஓர் ஆண்டு ஓட்டப் பத்து லட்சம் யூரோவுக்கு மேல் ஆகும் என்கிறார்கள். அந்தப் பணம் சம்பளமாக வருவதல்ல, குடும்பமோ விளம்பரதாரரோ கட்டுவது. எங்கள் கோவைப் பந்தயத் தடம் இருக்கும் செட்டிப்பாளையத்திலும் இப்படி நின்றுபோன பையன்களை நான் அறிவேன். அதில் ஒருவன் இப்போது என் பட்டறைக்குப் பக்கத்துப் பட்டறை.

ஆகஸ்ட் 29, வியாழன். எதிர்பாராமல் பியாசென்ஸா

போலோன்யாவிலிருந்து மிலானுக்குப் போகும் வழி. மோதெனா, ரெஜ்ஜோ, பார்மா என்று வண்டி ஒவ்வொரு ஊராக நின்றது. பார்மாவுக்குப் பக்கத்தில் வரானோ என்ற சிற்றூரில்தான் தல்லாரா என்ற பந்தயக் கார் நிறுவனம் இருக்கிறது. ஃபார்முலா 3, ஃபார்முலா 2 கார்கள் அத்தனையும் அங்கே செய்தவை. எல்லோருக்கும் ஒரே கார், ஒரே எஞ்சின் என்பதுதான் இந்தத் தொடர்களின் உயிர்.

பியாசென்ஸாவில் வண்டி நின்றது, நின்றதுதான். முன்னால் பாதையில் ஏதோ கோளாறு. குளிர்சாதனமும் அணைந்துபோனது. நாற்பது நிமிஷம் பெட்டிக்குள் வெந்தோம். கைக்குழந்தையோடு இருந்த ஒரு பெண்ணுக்கு எதிரே இருந்த கல்லூரிப் பையன் தன் புத்தகத்தால் விசிறிக்கொண்டே வந்தான், அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு எல்லோரையும் இறங்கச் சொல்லிவிட்டார்கள். அடுத்த வண்டிக்கு மூன்று மணி நேரம்.

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். பியாசென்ஸா லியோனார்டோ ஃபோர்னரோலியின் ஊர்.

அந்தோனெல்லி அளவுக்கு இந்தப் பெயர் நம்மூரில் தெரியாது. பத்தொன்பது வயது. ஃபார்முலா 4இல் இரண்டு ஆண்டு, ஃபார்முலா ரீஜினலில் ஓர் ஆண்டு, ஃபார்முலா 3இல் இது இரண்டாவது ஆண்டு. படி தாண்டிக் குதித்ததில்லை. எந்தப் பெரிய கார் நிறுவனமும் அவனைத் தத்தெடுக்கவில்லை. ட்ரைடென்ட் என்ற இத்தாலிய அணிக்கு ஓட்டுகிறான். ஃபார்முலா 3இல் இதுவரை ஒரு பந்தயம்கூட ஜெயித்ததில்லை. இருந்தும் ஆண்டின் கடைசிக் கட்டமான மோன்சாவுக்கு வரும்போது பட்டத்துக்கு அவனும் சிசிலிப் பையன் மினியும் முன்னால் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள், பின்னாலேயே வேறு சிலரும். மூன்றாவது, நான்காவது, இரண்டாவது என்று ஒவ்வொரு ஊரிலும் அள்ளிச் சேர்த்த புள்ளிகள்.

நிலையத்துக்கு எதிர்த் தெருவில் ஒரு காபிக் கடை. நின்று குடித்தால் 1.30 யூரோ, உட்கார்ந்தால் இரண்டு. மத்தியானம் சாப்பிட என்ன என்று கேட்டதற்கு பிஸரேய் வைத்தார். ரொட்டித்தூளும் மாவும் பிசைந்து கட்டைவிரலால் அழுத்திய குட்டி உருண்டைகள், சிவப்பு பீன்ஸ் குழம்பில். வாயில் வைத்ததும் நம் வீட்டுத் தட்டைப்பயிற்றுக் குழம்பு ஞாபகம் வந்தது. எட்டு யூரோ. இந்தப் பயணத்திலேயே என் வயிறு சமாதானமாக இருந்த சாப்பாடு இதுதான்.

கடைக்காரருக்கு அறுபது வயது இருக்கும். மோன்சாவுக்குப் போகிறோம் என்றதும் “ஃபெராரி?” என்றார். கவின் “ஃபோர்னரோலி” என்றான். மனிதர் கையிலிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டார். ஒருமுறைக்கு இருமுறை கேட்டு உறுதிசெய்துகொண்டு, உள்ளேயிருந்து மனைவியைக் கூப்பிட்டார். இந்தியாவிலிருந்து வந்திருக்கிறார்கள், நம் பையனைப் பார்க்க! அந்த அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “ஜெயிக்கவே இல்லையே என்று இங்கேயே பேசுகிறார்கள். முடிக்கத் தெரிந்தவன் அவன்” என்று கடைக்காரர் சொன்னதாகக் கவின் சொன்னான். திங்கள்கிழமை இந்த வழியாகத்தான் திரும்புவோம் என்றேன். அவசியம் வர வேண்டும் என்றார்.

மோன்சா சேரும்போது இரவு ஒன்பதரை. அறை வாடகை நாளுக்கு 140 யூரோ, மின்விசிறிகூட இல்லை.

ஆகஸ்ட் 30, வெள்ளி. மோன்சா

சுற்றுத்தடம் ஒரு பிரம்மாண்டமான பூங்காவுக்குள் இருக்கிறது. அரண்மனையைக் கடந்து, மரங்களுக்கு நடுவே நாற்பது நிமிஷ நடை. கூட்டம் முழுக்கச் சிவப்புச் சட்டை. வழியில் பழைய சாய்தடத்தைப் பார்த்தோம். 1955இல் கட்டிய காங்கிரீட் வளைவு, சுவர் போல நிமிர்ந்து நிற்கிறது. ஏறிப் பார்க்கலாம் என்று காலை வைத்தேன், வழுக்கி விழுந்து முழங்கை சிராய்த்தது. பின்னால் வந்த பெரியவர் ஒருவர் தன் பையிலிருந்து மருந்துப் பட்டை எடுத்து ஒட்டிவிட்டு, நன்றி சொல்லும் முன்பே நடந்துவிட்டார்.

நுழைவாயிலில் தண்ணீர் பாட்டில் மூடிகளை வாங்கிப் போட்டுவிடுகிறார்கள். மூடியில்லாத பாட்டிலைப் பைக்குள் வைக்க முடியாமல் நாள் பூராவும் கையில் பிடித்துக்கொண்டே திரிந்தோம். உள்ளே தண்ணீர் 3 யூரோ. கல்லில் வாட்டிய பன்றிக்கறித் தொத்திறைச்சியை ரொட்டிக்குள் வைத்துத் தருவது 9 யூரோ, வரிசை அரை மணி நேரம்.

எங்கள் இடம் பரபோலிகா வளைவைப் பார்த்தது. தடத்தின் கடைசி வளைவு. 2021இலிருந்து அதற்கு அல்போரெத்தோ பெயர். மிகேலே அல்போரெத்தோ 1985இல் ஃபெராரியில் உலகப் பட்டத்துக்கு இரண்டாவதாக வந்தவர், அதற்கு முன்பு 1980இல் ஐரோப்பிய ஃபார்முலா 3 சாம்பியன். இளையோர் பந்தயத்திலிருந்து வந்த ஓர் இத்தாலியரின் பெயரில் இருக்கிற வளைவில் உட்கார்ந்திருக்கிறோம் என்று கவினிடம் சொன்னேன். அவன் பனிக்கூழ் உருகுவதைக் காப்பாற்றிக்கொண்டிருந்தான்.

மத்தியானம் ஒன்றரைக்கு ஃபார்முலா 1 முதல் பயிற்சி. மெர்சிடிஸ் ஓட்டுநர் ரஸ்ஸலின் காரில் அந்தோனெல்லி. ஃபார்முலா 1 வார இறுதியில் அவன் இறங்குவது இதுதான் முதல் தடவை. முதல் வேகச்சுற்றிலேயே நேரப்பலகையில் உச்சிக்கு வந்தான். மேடை முழுக்க எழுந்து நின்றது, ஃபெராரிச் சட்டைக்காரர்களும். ஆறாத ஏக்கம் ஒன்று அந்தச் சத்தத்தில் இருந்தது. அடுத்த வேகச்சுற்றில் எங்கள் கண்முன்னே, பரபோலிகாவுக்குள் திரும்பும்போது பின்பக்கம் பிடி விட்டது. கார் சுழன்று, சரளைக்கற்களைக் கிளப்பிக்கொண்டு போய் டயர்ச் சுவரில் இடித்தது. தொடங்கிப் பத்து நிமிஷம்தான்.

ஒரு நொடி மயான அமைதி. தூசி அடங்கியது. ஹெல்மெட் அசைந்ததைப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது. அணியிடம் மன்னிப்புக் கேட்டான் என்று திரையில் ஓடியது. அவன் நடந்து வெளியே வந்தபோது கைதட்டினார்கள், நீண்ட நேரம் தட்டினார்கள். பக்கத்தில் இருந்த பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு “பதினெட்டு வயசுதானே” என்றாள். இந்த நாட்டு ரசிகர்கள் பற்றி எத்தனையோ கேட்டிருக்கிறேன், ஓட்டுநர்களைக் கூவித் துரத்துவார்கள் என்றெல்லாம். அன்று நான் பார்த்தது ஒரு ஊரே தன் பிள்ளையைத் தூக்கிவிட்டதை.

ஆகஸ்ட் 31, சனி

காலையில் அறிவித்துவிட்டார்கள். 2025இலிருந்து மெர்சிடிஸ் இருக்கை அந்தோனெல்லிக்கு. நேற்றைய இடி எதையும் மாற்றவில்லை. காபிக் கடையில் முன்பின் தெரியாதவர்கள் ஒருவருக்கொருவர் கை கொடுத்துக்கொண்டார்கள். ஜியோவினாட்ஸி 2021இல் போனதிலிருந்து ஃபார்முலா 1இல் முழுநேர ஓட்டுநர் இல்லாமல் இருந்த நாடு.

ராத்திரி தூங்காததாலும் வெயிலாலும் எனக்குத் தலை சுற்றியது. பிற்பகல் முழுக்க ஓக் மர நிழலில் துண்டு விரித்துப் படுத்துவிட்டேன். ஃபார்முலா 2 குறும்பந்தயத்தை பேர்மன் ஜெயித்தது காதில் விழுந்தது, கண்ணால் பார்க்கவில்லை. மாலை ஊருக்குள் வந்து குங்குமப்பூ ரிசோத்தோ சாப்பிட்டோம், மேலே இந்த ஊர் லுகானேகா தொத்திறைச்சி. 16 யூரோ. சோறு என்று சொல்லிக்கொண்டேன், உள்ளே கொஞ்சம் அரிசி வேகாமல் இருந்தது. அதுதான் பக்குவமாம்.

செப்டம்பர் 1, ஞாயிறு

நாலரைக்கு எழுந்தோம். ஃபார்முலா 3 காலையில் எட்டு மணி வாக்கில் ஓடிவிடும். மூன்றரை மணி நேரம் முன்னால் தூக்கத்தோடு வரக் கூடியவர்கள் யார்? மேடையில் கால்வாசி ஆள் இருந்தார்கள். ஆனால் இருந்தவர்கள் அத்தனை பேரும் பெயர் தெரிந்து கத்தினார்கள்.

முப்பது கார்கள். அந்த வி6 எஞ்சினுக்கு டர்போ கிடையாது, முப்பதும் ஒன்றாகப் போகும்போது மார்புக்கூட்டுக்குள் அதிர்கிறது. மோன்சாவில் முன்னே போகிற காருக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டால் நேர்பாதையில் காற்று தடுக்காது. அதனால் ஒவ்வொரு சுற்றிலும் இடங்கள் மாறிக்கொண்டே இருந்தன. கவின் தாளில் இடங்களை எழுதி எழுதி அடித்தான். கடைசிச் சுற்றில் முன்னால் ட்ரைடென்ட் அணியின் சாமி மெகெத்தூனிஃப், அடுத்து மினி, மூன்றாவது கிறிஸ்டியன் மான்செல், நான்காவது ஃபோர்னரோலி. அந்த வரிசையில் முடிந்தால் பட்டம் மினிக்கு. ஃபோர்னரோலிக்கு ஓர் இடம் வேண்டும்.

“போச்சுங்க மாமா” என்றான் கவின்.

எங்கள் பக்கம் வந்தார்கள். நேர்பாதையின் முடிவில், பிரேக் பிடிக்கும் இடத்தில், இரண்டு கார்கள் ஒட்டிக்கொண்டு தெரிந்தன. யார் எவர் என்று கண் பிரித்துச் சொல்லும் முன்பே வளைவுக்குள் போய்விட்டார்கள். வெளியே வரும்போது முன்னால் இருந்தது ஃபோர்னரோலியின் கார். அந்தோனெல்லியின் டயர்த்தடம் வெள்ளியன்று பதிந்த அதே வளைவு. கடைசிப் பந்தயத்தின், கடைசிச் சுற்றின், கடைசி வளைவு. ஒரு வருஷம் முழுக்கப் பொறுமையாக முடித்து முடித்துச் சேர்த்த பையன், துணிய வேண்டிய ஒரே இடத்தில் துணிந்தான். கவின் என்னைக் கட்டிக்கொண்டான், நான் யாரோ ஒரு வெள்ளைக்காரரைக் கட்டிக்கொண்டேன்.

பிறகு மினியின் டயர் காற்றழுத்தம் குறைவாக இருந்தது என்று அவனைத் தகுதிநீக்கம் செய்தார்கள். இறுதிக் கணக்கு 153க்கு 130. காகிதத்தில் பார்த்தால் அந்த முந்தல் இல்லாமலும் பட்டம் வந்திருக்கும். ஆனால் வளைவுக்குள் நுழையும்போது அது எவருக்கும் தெரியாது. மினிக்காகவும் வருத்தப்பட்டேன். மொனாக்கோவில் இரண்டு ஆண்டு தொடர்ந்து பிரதானப் பந்தயத்தை ஜெயித்த பையன், இத்தாலிய ஃபார்முலா 4 பட்டத்தை நாட்டுக்குக் கொண்டுவந்தவன், வெறுங்கையோடு போனான்.

ஃபார்முலா 2இல் கடைசியாக, 22ஆம் இடத்திலிருந்து கிளம்பிய பிரேசில் பையன் போர்த்தோலெட்டோ ஜெயித்தான். போன ஆண்டு ஃபார்முலா 3 பட்டம் எடுத்தவன், அதுவும் இதே ட்ரைடென்ட் அணியில். மூன்று மணிக்குப் பெரிய பந்தயம். ஒரே ஒரு முறை டயர் மாற்றிவிட்டு ஃபெராரியின் லெக்லெர்க் தேய்ந்த சக்கரங்களோடு ஜெயித்ததும் கூட்டம் வேலியைத் தாண்டித் தடத்துக்குள் இறங்கியது. நாங்களும் இறங்கினோம். பரபோலிகாவின் தார் மேல் உட்கார்ந்து தொட்டுப் பார்த்தேன், இந்த ஆண்டு புதிதாகப் போட்ட தார், கை வைக்க முடியாத சூடு. உருண்டு கிடந்த ரப்பர்த் துணுக்கு ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டேன்.

ரயிலுக்கு இரண்டரை மணி நேர வரிசை. நிற்கும்போது சென்னையிலிருந்து நண்பன் வீடியோ அனுப்பினான். தீவுத்திடலைச் சுற்றி அன்று ராத்திரி விளக்கொளியில் ஃபார்முலா 4 ஓடிக்கொண்டிருந்தது. எந்தச் சாலையில் பல்லவனில் தொங்கிக்கொண்டு போனேனோ அந்தச் சாலையில். வரிசையில் முன்னால் நின்ற குடும்பத்துக்குக் காட்டினேன். அவர்களின் பத்து வயதுப் பையன் மூன்று முறை திரும்பப் போடச் சொல்லிப் பார்த்தான்.

செப்டம்பர் 2, திங்கள். மறுபடி பியாசென்ஸா

கணுக்கால் பூசணிக்காய் மாதிரி. இருந்தாலும் இறங்கினோம். கடைக்காரர் வாசலிலேயே பார்த்துவிட்டார். விளையாட்டுப் பத்திரிகையின் ரோஸ் நிறத்தாள் முழுக்க லெக்லெர்க். அதை ஒதுக்கிவிட்டு, மடித்து வைத்திருந்த உள்ளூர்த்தாளை விரித்தார். சட்டையெல்லாம் நனைந்து சிரிக்கும் ஃபோர்னரோலியின் படம். காபிக்குக் காசு எடுத்தபோது கையைத் தள்ளினார். கடையை விட்டுப் போக முடியாததால் அவர் செல்பேசியில் விட்டுவிட்டுத்தான் பார்த்தாராம், அந்த வளைவு வரும்போது படம் உறைந்துபோயிற்றாம்.

“நீங்கள் அங்கேயே இருந்தீர்கள். எப்படி நடந்தது?”

எனக்கு இத்தாலியம் வராது. அவர் கேட்டதைச் சொல்லிவிட்டுக் கவினும் வெளியே போனில் பேசப் போய்விட்டான். நான் சர்க்கரைப் பொட்டலம் இரண்டை எடுத்தேன். தட்டின் விளிம்பை வளைவாகக் காட்டி, ஒன்றை முன்னாலும் ஒன்றைப் பின்னாலும் வைத்து மெதுவாக நகர்த்தினேன். வளைவு வந்ததும் பின்னதை முன்னால் விட்டேன். அந்த அம்மாவும் வந்து குனிந்து பார்த்தார். கடைக்காரர் இரண்டு பொட்டலத்தையும் பழைய இடத்துக்கே இழுத்து வைத்து, மறுபடியும் காட்டச் சொன்னார்.